மூன்றாவது உதறல்

"அம்மா, உன் மூக்கு தூங்கிடுச்சா?"

கேட்டது ஏழு வயது மகள். கையில் பால் டம்ளர். அதை முகத்துக்கு எட்டாத தூரத்தில், செத்த எலியைப் பிடிப்பதுபோல, இரண்டு விரலால் பிடித்திருந்தாள். பால் திரிந்து, மேலே மஞ்சள் தண்ணீரும் அடியில் கட்டியுமாகப் பிரிந்து கிடந்தது. அந்த வாடை வாசல்வரை அடித்ததாக நாத்தனார் பிறகு சொன்னாள். அதைக் காய்ச்சி, ஆற்றி, சர்க்கரை போட்டுக் கலக்கியவளுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை.

"பேசாம குடி. குடிக்காம இருக்கிறதுக்கு உனக்குத் தினம் ஒரு காரணம்," என்றாள் அம்மா.

பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மடக்கு குடித்தது. மூன்றாவது மடக்கு உள்ளே போகவில்லை; முதல் இரண்டையும் கூட்டிக்கொண்டு சட்டையின்மேல் வந்தது. அம்மா ஒரு துண்டை எடுத்துத் துடைத்தாள். துடைத்த துண்டை மூன்று முறை உதறினாள். உதறிவிட்டு, "காலி" என்றாள். பிறகு அதே துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

கதவோரம் நின்ற நாத்தனார் வாயில் கையை வைத்தபடி பார்த்தாள். அவள் அண்ணிக்கு மூன்று வயது இளையவள். வீட்டிலேயே தையல் தைத்துக்கொண்டு, லாரியோடு ஊர் ஊராகப் போகும் அண்ணனின் குடும்பத்துக்குக் காவலாக இருப்பவள். "அண்ணி, அந்தத் துண்டு..." என்று ஆரம்பித்தாள். அண்ணி அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

அண்ணிக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். வார்டுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகள் முதலில் வந்து விழுவது அவள் மேஜையில்தான். மனித உடம்பு எதையெல்லாம் வெளியே தள்ளுமோ அதெல்லாம் அந்த விரிப்புகளில் இருக்கும். அவற்றோடு மறதியும் வரும்: மூக்குக்கண்ணாடி, ஸ்பூன், பல்செட், சில நேரம் ஊசி. அதற்காகத்தான் மேஜைக்குமேல் தகரம் அடித்திருந்தார்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று விரிப்பின் நான்கு முனைகளையும் பிடித்து மூன்று முறை உதற வேண்டும். முதல் உதறலில் பெரியது விழும். இரண்டாவதில் சின்னது விழும். மூன்றாவது உதறல் காதுக்காக, தகரம் சத்தமில்லாமல் இருக்கிறதா என்று கேட்பதற்காக. சத்தம் இல்லையென்றால் ஒருவர் வாய்விட்டு "காலி" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் விரிப்பு கட்டுக்குப் போகும். அந்தக் கட்டை அடுத்த அறையில் இயந்திரத்தில் போடுகிறவர்கள் வெறுங்கையால் பிரிப்பார்கள். அவர்களுக்கு "காலி" என்பது ஒரு சத்தியம்.

அந்தக் கூடத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். எதிரே நின்று மறு முனையைப் பிடிக்கிறவருக்குக் கூட்ஸ் வண்டி என்று பெயர். ஐம்பதைத் தாண்டியவர். ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிஷம், கவிழ்த்த கூடையொன்றின்மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். சாப்பாட்டை ஒவ்வொரு வாயாக, ஏதோ உபதேசம் கேட்பதுபோல மென்று தின்பார். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும் மணி அடித்தால் பிடித்த முனையை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்.

எக்ஸ்பிரஸுக்கு அவரைக் கண்டாலே குமட்டும். எந்த விரிப்புக்கும் சுளிக்காத மூக்கு, உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷனைக் கண்டு சுளித்தது.

"நீயும் கொஞ்சம் உட்காரு தங்கச்சி," என்பார் அவர்.

"உங்கள மாதிரி உட்கார்ந்தா எனக்கு வேர் விட்டுடும் அண்ணே," என்பாள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

ஒன்றரை மாதத்துக்கு முன் மதிய ஷிப்டிலிருந்து இரண்டு பேர் நின்றுபோனார்கள். சூப்பர்வைசர் நேரே அவளிடம்தான் வந்தார். "நீ இல்லாட்டி இந்த இடம் ஓடாதும்மா," என்றார். அவ்வளவுதான். வீட்டில் சம்பளத்துக்காக என்று சொல்லிக்கொண்டாள். லாரிக்காரன் சம்பாத்தியத்தில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. உண்மையில் அவளை இழுத்தது அந்த ஒரு வாக்கியம். நாலு பேர் வாயில் 'இவள் இல்லாவிட்டால்' என்ற சொல் வர வேண்டும் என்ற ஆசை பார்வைக்குச் சின்னதுதான், ஆளையே தின்றுவிடும். வாசலருகே பலகையில், 'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்' என்ற எழுத்துக்குக் கீழே, அவள் படம் ஏறியது. காலை ஆறுக்கு நுழைந்தால் இரவு பத்துக்கு வெளியே. மதிய ஷிப்டில் எதிரே ஆள் கிடையாது. இரண்டு முனைகளைச் சுவர்க் கொக்கியில் மாட்டிவிட்டு ஒண்டியாக உதறுவாள். அந்தக் கட்டுகள் மறுநாள் காலையில் இயந்திரத்துக்குப் போகும்.

கடவுள் கொடுத்த உடம்பை நாம் தூங்கவிடாவிட்டாலும் அது எப்படியாவது தூங்கிக்கொள்ளும். மொத்தமாக விடாவிட்டால் தவணை முறையில். அவளுக்கு முதலில் தூங்கியது மூக்கு. அதற்குப் பிறகு விரல் நுனிகள்: வெந்நீர்ப் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, கொப்புளத்தைப் பார்த்து அது எப்போது வந்தது என்று யோசித்தாள். அப்புறம் காது. வாய் மட்டும் தூங்காமல் தானாகவே வேலை செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகளோடு கைகூப்பி நின்று பிரார்த்தனை செய்தாள். முடிக்கும் இடத்தில் "காலி" என்றாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். மேலே கேட்டுக்கொண்டிருந்தவர் சிரித்திருப்பார் என்று தோன்றவில்லை.

பால் திரிந்ததற்கு மறுநாள் அவள் கடிகாரத்தைத் தப்பாகப் பார்த்தாள். நாலே முக்கால் ஐந்தே முக்காலாகத் தெரிந்தது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். சலவைக்கூடத்துக்குள் நுழைந்தபோது விளக்குகள் பாதிதான் எரிந்தன. ஆள் அரவம் இல்லை. அவள் மேஜையில் மட்டும் யாரோ குனிந்திருந்தார்கள்.

கூட்ஸ் வண்டிதான். ஒரு நிமிஷம் முன்னே வராதவர், ஒரு நிமிஷம் பின்னே போகாதவர் என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்த மனுஷன், ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, நேற்று அவள் கட்டிவைத்த கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் முடிச்சு ஊருக்கே தெரியும்: இரண்டு இறுக்கு இறுக்கி, மேலே ஒரு குட்டு. அவர் முடிச்சு வேறு. ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும் சுருக்கு. அவள் முடிச்சு போட்ட இரண்டு கட்டுகள் ஏற்கெனவே பிரித்துக் கிடந்தன. மூன்றாவதன் குட்டை அவர் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.

அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. ஆள் வேவு பார்க்கிறார். சோம்பேறிக்கு வேறு வேலை என்ன, உழைக்கிறவளிடம் குறை கண்டுபிடித்து மேலே போட்டுக்கொடுப்பதைத் தவிர.

"என் கட்டுல ஏன் கை வைக்கிறீங்க?" என்று கத்தினாள்.

அவர் திடுக்கிட்டார். கை கட்டுக்குள் இருந்தது. திடுக்கிட்டதில் அது இன்னும் ஆழமாகப் போனது. உடனே வெளியே இழுத்தார். மெல்லிய கையுறையின் ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு ஊசி, கொடியில் துணி தொங்குவதுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஊசியைப் பிடுங்கி, மேஜைக்கு அடியில் இருந்த மஞ்சள் ஊசிப்பெட்டியில் போட்டார். கையுறையைக் கழற்றினார். குழாயைத் திறந்து விரலைத் தண்ணீரில் காட்டி, பிதுக்காமல், சோப்பு போட்டு, விதியில் எழுதியிருக்கிறபடி நிதானமாகக் கழுவினார். அந்த நேரத்திலும் கூட்ஸ் வண்டி கூட்ஸ் வண்டியாகத்தான் இருந்தது.

அந்த மஞ்சள் பெட்டியை வைத்து அவள் எத்தனை முறை கேலி செய்திருக்கிறாள். காலையில் வந்து பார்த்தால் அதில் புதிதாக ஊசிகள் கிடக்கும். "அண்ணன் கட்டுலதான் ஊசி விளையுது," என்பாள். அவர் சிரிப்பார். அத்தனையும் அவள் வயலில் விளைந்தவை என்று இப்போதுதான் புரிந்தது.

ஷிப்ட் ஆட்கள் வந்துசேர்ந்ததும், சேதி கேட்டுச் சூப்பர்வைசர் ஓடி வந்தார். எழுதுவதற்குத் தாளை எடுத்து, யாருடைய கட்டு என்று கேட்டார்.

"என்னோடதுதான் சார். ஒழுங்கா உதறலை," என்றார் கூட்ஸ்.

அவள் பக்கத்தில்தான் நின்றாள். பிரார்த்தனையிலும் துண்டிலும் தானாகவே திறந்துகொண்ட வாய், திறக்க வேண்டிய அந்த ஒரு நேரத்தில் தைத்துவைத்ததுபோல இருந்தது.

சூப்பர்வைசர் அவரை நாலு பேருக்கு முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினார். கடைசியில் அவளைக் கைகாட்டி, "இந்தப் பொண்ணைப் பாருங்க. உங்களைப்போல ரெண்டு மடங்கு வேலை. ஒரு கீறல் உண்டா?" என்றார். பெருமையாகச் சொல்லப்பட்ட அந்த வார்த்தை அவள்மேல் சளிபோல விழுந்து ஒட்டிக்கொண்டது. துடைத்தால் போகாது. அன்று முழுக்க அது அவள்மேல்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதைப் பிறர் சொல்லக் கேட்டாள். ஊசி எந்த நோயாளியுடையது என்று தெரியாது. ஒரு மாதத்துக்கு மாத்திரை. இன்றைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, ஆறு வாரம் கழித்து ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று. அதுவரை அந்த மனுஷன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. தண்டனையாக அவரை மூலையில் இருந்த அங்கி மேஜைக்கு மாற்றினார்கள். ஆபரேஷன் அங்கிகளை ஒற்றை ஆளாக உதறும் இடம். கூடத்திலேயே காற்று வராத மூலை.

மாத்திரை அவர் வயிற்றைப் புரட்டியது. ஒவ்வொரு வாயாக மென்று தின்ற மனுஷன் டிபன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தார். அவர் ஓங்கரிக்கும் சத்தம் கழிவறையிலிருந்து அவள் மேஜைவரை கேட்டது. அவள் உதறினாள், "காலி" என்றாள், உதறினாள். ஒவ்வொரு "காலி"யும் நாக்கில் வேப்பங்காயாகக் கசந்தது. ஐந்து நாள் பொறுத்தாள். ஆறாம் நாள் சூப்பர்வைசர் அறைக்குப் போனாள்.

அன்று யாருக்கோ பிறந்தநாள். மேஜையில் பாதி தின்ற கிரீம் கேக். சூப்பர்வைசர் விரலில் கிரீம் ஒட்டியிருந்தது. அவள் சொல்லி முடிக்கும்வரை அதை நக்கிக்கொண்டே கேட்டார். அது தன் கட்டு, ஊசியை உதறாமல் விட்டதும் தான், கத்திப் பயமுறுத்தியதும் தான், எல்லாவற்றையும் சொன்னாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?" என்றார்.

"இல்லை சார்."

"அப்போ சொல்லாதே. பலகையில இருக்கிறது உன் முகம். அதுல நீயே கரி பூசிக்கிட்டா எனக்கும் சேர்த்துத்தான் பூசும். அந்த ஆளு ரிட்டயராக இன்னும் சில வருஷம்தான். விடு." கேக்கில் ஒரு துண்டு வெட்டி அவள் பக்கம் தள்ளினார். "சாப்பிடு. ரொம்ப இளைச்சுப் போயிட்டே. மதிய ஷிப்டுக்குத் தெம்பு வேணும்ல?"

அவள் கேக்கைப் பார்த்தாள். அந்த விரல் பட்ட இடத்தில் குழி விழுந்திருந்தது. எந்த விரிப்பைப் பார்த்தும் புரளாத அவள் வயிறு அப்போது புரண்டது. அவரைப் பார்த்து மட்டுமல்ல. ஒன்றரை மாதமாக இந்த மனிதரின் வாயிலிருந்து வந்ததைத்தான் அவள் அமிர்தமாகக் குடித்திருந்தாள். வீட்டில் பிள்ளைக்குத் திரிந்த பாலைக் கொடுத்துவிட்டு.

"இனிமே எனக்கு ஒரு ஷிப்ட் போதும் சார்," என்றாள்.

போகும் வழியில் பலகையிலிருந்து தன் படத்தைக் கழற்றினாள். மறுநாள் காலை அதே ஆணியில் வேறொரு முகம் தொங்கியது. மதிய ஷிப்டும் எப்போதும்போல நடந்தது. அவள் இல்லாவிட்டால் ஓடாது என்ற இடம், ஒரு சக்கரம்கூட நோகாமல் ஓடியது.

அன்று மத்தியானம் அங்கி மேஜைக்குப் போனாள். அவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். நிமிரும்வரை காத்திருந்து ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

"அண்ணே, அது என் கட்டு."

"தெரியும்."

"அப்புறம் ஏன் உங்களோடதுன்னு சொன்னீங்க?"

"என் கையில இருந்ததும்மா. அப்போ என் கட்டுதானே." வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "அதில்லாம, நீ நின்ன நிலை அப்படி. ஊதினா விழுந்திருப்பே."

"எத்தனை நாளா பிரிச்சுப் பார்த்தீங்க?"

"நீ ரெண்டு ஷிப்ட் பார்க்க ஆரம்பிச்ச மறுநாள்ல இருந்து. அன்னைக்குக் காலையில என் எதிர்ல நின்னுதான் உதறினே. ரெண்டு உதறல்தான் ஆச்சு; நீ காலின்னுட்டே. அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ கையால உதறலை தங்கச்சி, வாயால உதறுறே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே."

"சொன்னேனே. உட்காருன்னு தினம் சொன்னேன்." தண்ணீரை மெதுவாகக் குடித்தார். "வேர் விட்டுடும்னுட்டே."

அவர் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்திருக்கிறது. சிரித்தார். சிரிப்பு பாதியில் ஓங்கரிப்பாக மாறியது. அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நடந்ததைச் சூப்பர்வைசரிடம் சொன்னதாகவும் அவர் எழுத மறுத்ததாகவும் சொன்னபோது, "போகட்டும். நீ போய்த் தூங்கு," என்றார்.

அவள் தூங்கினாள். இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தால் மூன்றுக்குப் படுப்பாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் சுருண்டுகொள்ளும். நாத்தனார் தையல் இயந்திரத்தை அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போனாள், சத்தம் கேட்காமல் இருக்க. முதல் நாட்களில் தூக்கம் ஓய்வாக இல்லை. காய்ச்சல்போல, கசடு இறங்குவதுபோல இருந்தது. காரணமில்லாமல் அழுகை வரும். மிதமிஞ்சி உழைத்த உடம்பு உடனே மன்னித்துவிடாது.

பதினோராம் நாள் விடிகாலையில் அவளை எழுப்பியது ஒரு நாற்றம். எங்கிருந்து என்று தேடினாள். தலையணை. அவளுடைய தலையணைதான். வியர்வையும் எண்ணெயும் சலவைக்கூடத்துப் புளிப்பும் ஊறிப்போய், தொட்டால் பிசுபிசுத்தது. இரண்டு மாதமாக இதில்தான் முகத்தை வைத்திருக்கிறாள். பிள்ளையும் இதன் பக்கத்தில்தான் படுத்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லாமல். நாற்றம் மூக்கில் ஏறி, தலைக்குள் ஏறியது. ஓடிப்போய்க் கழிவறையில் குனிந்தாள்.

சத்தம் கேட்டு எழுந்து வந்த மகள் கதவருகே நின்று பார்த்தாள். பிறகு கையைத் தட்டினாள்.

"அத்தை, ஓடி வாங்க. அம்மா மூக்கு முழிச்சிடுச்சு."

நாத்தனார் வந்து எட்டிப்பார்த்து, "இனிமேலாவது எங்க சமையலைக் குறை சொல்லு அண்ணி, கேட்டு ரொம்ப நாளாச்சு," என்றாள். கழிவறைத் தரையில் உட்கார்ந்தபடி அவள் சிரித்தாள். அருவருப்பைக்கூடக் கடவுள் ஒரு வரமாகத்தான் கொடுத்திருக்கிறார் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. வாசலில் நிறுத்திய காவலாள் அது. அவனை அடித்துத் தூங்கவைத்தால் வீட்டுக்குள் எது வேண்டுமானாலும் நுழையும்.

சலவைக்கூடம் அதற்குப் பிறகு அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஒவ்வொரு விரிப்புக்கும் குமட்டியது. மணிக்கு ஒரு முறை உட்கார்ந்தாள். எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆகிவிட்டது என்றார்கள், சிரித்துக்கொண்டாள். மூன்றாவது உதறலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஆறு வாரப் பரிசோதனை வந்தது, ஒன்றும் இல்லை என்றது. ஆனால் அது பாதி பதில். மீதிக்கு அவள் தினமும் கைகூப்பினாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

மூன்று மாதம் முடிந்த வாரம் ஒரு காலை, கூட்ஸ் வண்டி அவள் மேஜையருகே வந்து நின்றார். கையுறையை மாட்டிக்கொண்டே, எங்கோ பார்த்தபடி சொன்னார்:

"ரத்தத்துல ஒண்ணும் இல்லையாம். காலி, தங்கச்சி."

அந்தச் சொல்லை அவள் அதற்குமுன் ஒரு நாளும் கேட்டதே இல்லை என்பதுபோல இருந்தது. விரிப்பால் முகத்தை மூடிக்கொள்ளப் போனவள், அது என்ன விரிப்பு என்று நினைவு வந்து, முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கோடையிலேயே அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். பிள்ளைகள் இல்லாத வீடு. தூக்குவது, துடைப்பது, இரவில் நாலு முறை எழுந்து திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் அவர்தான். கண்கள் சிவந்து உள்ளே போயின. அங்கி மேஜையில் அவர் நிற்பதை அவள் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள். ஒரு உதறல். இரண்டு உதறல். "காலி."

அவரிடம் போய் சில நாள் விடுப்பு எடுக்கச் சொன்னாள். இருந்த விடுப்பெல்லாம் மாத்திரை மாதத்தில் போய்விட்டதாம். கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயமாக இருக்கிறது என்றார். சொன்னால் மட்டும் போதாது என்பதை அவரிடமிருந்தே கற்றிருந்தாள்.

இரண்டு மணிக்கு மணி அடித்தது. அவர் அங்கியை அப்படியே விட்டுவிட்டு, மனைவியின் சாப்பாட்டு நேரத்துக்கு ஓடினார். ஷிப்ட் மாறும் அந்த அரை மணி நேரம் கூடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். போகிறவர்கள் கை கழுவுவார்கள், வருகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவள் அங்கி மேஜைக்கு நடந்தாள். முதலில் அவருடைய கூடையைக் கவிழ்த்து, பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்தாள். பிறகு எழுந்து புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, அவர் கட்டின் நுனியை இழுத்தாள். சுருக்கு அவிழ்ந்தது.

கையை உள்ளே விடவில்லை. ஒவ்வொரு அங்கியாக நுனியைப் பிடித்து எடுத்து, உதறி உதறி, மூன்றாவதற்கு மூச்சைப் பிடித்தாள். காற்று வராத மூலையில் ரத்தமும் மருந்தும் அழுகிய வாடை மூக்கைப் பிளந்தது. ஏழாவது அங்கியின் இரண்டாவது உதறலில் தகரத்தில் மெல்லிய ஒலி கேட்டது. தையல் போடும் வளைந்த ஊசி, பிறை நகம்போல. இடுக்கியால் எடுத்து மஞ்சள் பெட்டியில் போட்டாள். மறுபடி முதலிலிருந்து மூன்று முறை.

எல்லாம் முடிந்ததும் அங்கிகளை முன்பு இருந்த வரிசையிலேயே அடுக்கினாள். கயிற்றைச் சுற்றிக் கட்டும்போது விரல்கள் பழக்கத்தில் இரண்டு இறுக்கு இறுக்கிக் குட்டு வைத்துவிட்டன. அதை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள், சுருக்கு சரியாக விழவில்லை. மூன்றாவது முறை வந்தது: ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும், அச்சு அசலாக அவருடைய முடிச்சு.

கூடையை நிமிர்த்தி இருந்த இடத்தில் வைத்தாள். "காலி" என்று யாருக்கும் கேட்காமல் சொல்லிவிட்டு, கை கழுவப் போனாள்.